மூன்றாம் நாள், புளியமரத்தடி

லுவாங்வா பள்ளத்தாக்கு
6 மார்ச் 1991

அன்புள்ள எஸ்னாத் அக்காவுக்கு,

நீங்கள் விழித்திருந்தால் நானும் விழித்திருக்கிறேன். அத்தானின் இருமல் குறைந்ததா? லுசாகாவில் இன்னும் சோள மாவுக்கு வரிசையில் நிற்கிறீர்களா? இங்கே மழை விடவில்லை. பாதைகளெல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. வியாழக்கிழமை விமானம் மட்டும்தான் வருகிறது. இந்தக் கடிதமும் அதில்தான் வரும்.

ஜூலை சஃபாரிக்கு நம் கம்பெனி அலுவலகத்துக்காக நாள்வாரியாகத் திட்டம் கேட்டிருந்தீர்கள். ஆறு நாளும் நடைதான். முதல் நாள் விமானத் தளத்திலிருந்து ஜீப்பில் ஆற்றுமுகாம், மாலையில் சின்ன நடை. இரண்டாம் நாள் நீர்யானைக் குட்டை வழியாக முதல் புல்முகாம், நான்கு மணி நேரம். மூன்றாம் நாள் ஆற்று வளைவு. அங்கே கரையான் புற்றின்மேல் நிற்கும் பெரிய புளியமரத்தடியில் பத்து மணிக்குத் தேநீர். நான்காம் நாள் கருங்காலித் தோப்பு. ஐந்தாம் நாள் உப்புத் தரை, எருமைகள் அங்கேதான் கூடும். ஆறாம் நாள் திரும்புதல்.

வரிசை எப்போதும் போலத்தான். முன்னால் துப்பாக்கியோடு காவலர், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் விருந்தினர், கடைசியில் தேநீர்க்கூடையோடு செப்ரோன்.

பிலேமோன் அண்ணனின் இடத்துக்கு வனவிலங்குத் துறை புதுக் காவலரை அனுப்பியிருக்கிறது. பெயர் அலிக். நன்றாகச் சுடுவாராம்.

வேறு செய்தி இல்லை. பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
வைசன்

லுசாகா
20 மார்ச் 1991

அன்புத் தம்பி வைசனுக்கு,

நம் ஊர் வணக்கப்படி நீ விழித்திருக்கிறாய் என்று எழுதியதைப் படித்து நாங்களும் விழித்தோம். அத்தானின் இருமல் விட்டுவிட்டது. அவருடைய குறட்டை மட்டும் மிச்சம். மாவு வரிசை அப்படியேதான் இருக்கிறது. பெரியவள் கணக்குப் பாடத்தை வரிசையில் நின்றே முடித்துவிடுகிறாள்.

திட்டம் கிடைத்தது. விருந்தினர் நான்கு பேர், டென்மார்க்காரர்கள். அவர்களில் திருமதி லுண்ட் என்பவருக்கு எழுபத்திரண்டு வயது. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர், படம் வரைவார். அவருடைய மகனுக்குத் தாய் காட்டில் நடந்து போவதில் விருப்பமில்லை. அந்த அம்மா என்னிடமே நேராகக் கேட்டு எழுதியிருந்தார்: “உங்கள் வழிகாட்டியின் பின்னால் நீங்கள் நடப்பீர்களா?”

நான் பதில் அனுப்பிவிட்டேன். “மழைக்காலத்தில் எங்கள் ஆறு கரையைத் தின்று இடம் மாறும். அதனால் ஒவ்வொரு மே மாதமும், விருந்தினர் வருவதற்கு முன்பே, வழிகாட்டி முழுப் பாதையையும் காலால் நடந்து பார்த்துவிடுவார். அவர் என் தம்பி. நான் நடப்பேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

போன அக்டோபரில் பிலேமோனை யானை கொன்ற பிறகு நீ நடத்தப்போகும் முதல் நடை இது. அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா? காய்ந்த கபென்டா மீன் ஒரு பொட்டலம் விமானக் கேப்டனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா எஸ்னாத்

லுவாங்வா
15 மே 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் விழித்திருந்தால் நானும் விழித்திருக்கிறேன். மீன் தீர்ந்துவிட்டது, செப்ரோன்தான் பாதியைத் தின்றார். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். தண்ணீர் வடிந்ததிலிருந்து முகாம் கட்டும் வேலை. எல்லாக் குடிசைக்கும் புதுப் புல் வேய்ந்தாகிவிட்டது.

பாதை முழுவதையும் நடந்து பார்த்துவிட்டேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. நீர்யானைக் குட்டையில் இந்த ஆண்டு தண்ணீர் அதிகம். கருங்காலித் தோப்பில் சிறுத்தையின் கால்தடம் இருந்தது. மற்றபடி எல்லாம் போன ஆண்டு போலவே. திட்டத்தில் எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே தட்டச்சு செய்துவிடுங்கள்.

செப்ரோனின் வாய்க்கு இன்னும் பூட்டுக் கிடையாது. நேற்று எல்லார் முன்னாலும் சொல்கிறார்: “ஐயா விடியக்காலையில கெளம்புறாரு, வெயில் ஏறுமுன்ன திரும்பிடுறாரு. வழி சுருங்கிப்போச்சா, இல்ல ஐயா கால் நீண்டுபோச்சா?” எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

வைசன்

லுசாகா
22 மே 1991

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகமாக எழுந்தோம். உனக்கும் அப்படியே இருக்கட்டும். திட்டத்தைத் தட்டச்சு செய்து டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டேன். மேலே “பாதை சோதிக்கப்பட்டது: மே 1991” என்று போட்டிருக்கிறேன்.

பிலேமோனின் மனைவி மைலேசி வந்திருந்தாள். மகளின் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவள் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினாள். மெலிந்திருக்கிறாள். துக்க முடிவுக்கு எப்போது பீர் காய்ச்சப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“காய்ச்சி? பேரை யாரு எடுக்கறது?” என்றாள். “அவங்க வீட்டுல ஒருத்தரும் ஒத்துக்கல. சொல் கேக்காம முன்னால ஓடிச் செத்தவன் பேரை தன் மகனுக்குப் போட்டா அதே புத்தி வந்துடும்னு நாத்தனார் சொல்றா. பேரு தெருவுல கெடக்கு, எஸ்னாத். எடுக்க ஆளில்ல. அதை எடுக்காம என்னையும் அவுத்து விடமாட்டாங்க.”

உனக்குத் தெரியாதது இல்லை. இறந்தவரின் பெயரை அவர் வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொண்டால்தான் அவர் அடங்குவார், பெண்டாட்டிக்கும் விடுதலை. அவள் பேசியபோது நான் ந்ஷிமாக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். அடி பிடித்துவிட்டது. “காவலர், வழிகாட்டியின் சொல்லுக்குக் காத்திராமல் தானாகவே முன்னேறினார்” என்ற அந்த விபத்து அறிக்கை வரியைத் தட்டச்சு செய்தவள் நான்தானே.

இன்னொன்று. திருமதி லுண்ட் மூன்றாம் நாள் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆற்றை வரைய வேண்டுமாம். நண்பகல் வரை அங்கே நிழல் இருக்குமா? பார்த்து எழுது.

அக்கா

லுவாங்வா
29 மே 1991

அன்புள்ள அக்காவுக்கு,

விழித்திருக்கிறேன். மைலேசி அண்ணியின் மகளுக்குக் கண் சரியாகட்டும்.

புளியமரத்தடியில் நிழல் எப்போதும் போல நன்றாக இருக்கிறது. பன்னிரண்டரை வரை வெயில் படாது. அந்த அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்றைச் செப்ரோன் தூக்கி வருவார்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

வைசன்

லுசாகா
5 ஜூன் 1991

வைசனுக்கு,

இந்த முறை உடல்நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று கேப்டன் ம்வீலா அலுவலகத்துக்கு வந்தார், தபால் பையை எடுத்துப் போக. சுவரில் ஒட்டியிருந்த திட்டத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“எந்தப் புளியமரம், அம்மா? வளைவுல புத்து மேல நின்னுச்சே, அதா?”

“அதேதான். நண்பகல் வரைக்கும் நிழலாம்” என்றேன்.

“மீனுக்கு வேணா நிழல். பிப்ரவரியிலயே ஆறு அந்த வளைவை அறுத்துக்கிட்டு நேரா ஓடிடுச்சு. புத்தும் இல்ல, கரையும் இல்ல. மரம் வேரை வானத்துக்குக் காட்டிக்கிட்டு அரை மைல் கீழ தண்ணியில கெடக்குது. இறங்குறப்பல்லாம் பாக்கறேன், அதுமேல கொக்கு உக்காந்திருக்கும்.”

அவர் போன பிறகு உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். மே 15: எல்லாம் போன ஆண்டு போலவே. மே 29: பன்னிரண்டரை வரை வெயில் படாது. செப்ரோனின் கேலியும் இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போயிருந்தால் மரம் விழுந்ததை நீ பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆறே இடம் மாறியிருக்கிறது. நீ அங்கே போகவில்லை. மூன்றாம் நாள் பாதைக்கே போகாதவன் நான்காம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் போயிருப்பாயா? தெரியாத புதருக்குள் நான்கு பேரைக் கூட்டிப் போகப் போகிறாயா? அவர்களில் ஒருவர் என் கையெழுத்தை நம்பி வருகிறார்.

ஜூலை 25 விமானத்தில் அவர்கள் இறங்குவார்கள். முதலாளியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் கேட்கிறேன். ஏன் போகவில்லை? காலில் ஏதாவது அடியா? காய்ச்சலா? எதுவானாலும் எழுது.

அக்கா

லுசாகா
26 ஜூன் 1991

வைசனுக்கு,

பதின்மூன்றாம் தேதி விமானத்தில் கடிதம் இல்லை. இருபதாம் தேதி விமானத்திலும் இல்லை. நீ உயிரோடு நடமாடுவதாகக் கேப்டன் சொல்கிறார். இந்த உறையை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வியாழன் வரை பொறுத்திருப்பேன். அதற்கு மேல் முடியாது.

அக்கா

லுவாங்வா
3 ஜூலை 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் விழித்திருந்தால் நானும் விழித்திருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் இதை எழுதினேன். அது பொய்யில்லை. தூங்கினேன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

காலில் ஒன்றுமில்லை, காய்ச்சலும் இல்லை. தினமும் விடியற்காலையில் கிளம்புகிறேன். முகாமுக்கு வெளியே எண்பது காலடி தூரத்தில் ஒரு கருங்காலி மரம் விழுந்து கிடக்கிறது. அதன்மேல் உட்கார்கிறேன். அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. புல் அசைந்தால் வாய் உலர்ந்துவிடுகிறது. வெயில் ஏறியதும் திரும்பி வந்து, பாதை பார்த்தேன் என்று சொல்கிறேன்.

அக்டோபரில் நடந்ததை எழுதுகிறேன்.

பிலேமோன் அண்ணனும் நானும் பதினொரு ஆண்டு சேர்ந்து நடந்தோம். தினமும் காலையில் வரிசை கிளம்புமுன் அவர் திரும்பிப் பார்த்து “முழிச்சியா?” என்பார். “நீ முழிச்சிருந்தா நானும் முழிச்சிருக்கேன்” என்பேன். அதன் பிறகுதான் முதல் அடி வைப்பார். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம். அவர் விலங்கைப் பார்ப்பார், நான் ஆட்களைப் பார்ப்பேன். குறி வைப்பவருக்குப் பக்கத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் சுடும் சொல் என்னுடையது. என் சொல் இல்லாமல் பதினொரு ஆண்டில் அவர் ஒருமுறைகூடச் சுட்டதில்லை.

அன்று வளைவுக்கு இந்தப் பக்கம், முட்புதரிலிருந்து பெண்யானை வந்தது. குட்டியோடு இருந்தது. மிரட்டல் ஓட்டம் இல்லை. காதை ஒடுக்கிக்கொண்டு, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு நேராக வந்தது. அண்ணன் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார். பின்னால் இருந்த எனக்கு அவர் முதுகு தெரிந்தது. “சொல்லு” என்றார், திரும்பாமல். இரண்டாம் முறையும் “சொல்லு, வைசா” என்றார்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தார். விருந்தினர்களை விட்டுத் தன்னை நோக்கி அது வரட்டும் என்றுதான் வைத்தார். அப்போதும் சுடவில்லை. காத்திருந்தார், அக்கா. விருந்தினர் எல்லாரும் பிழைத்தார்கள். நானும் பிழைத்தேன்.

“சொல் கொடுத்தாயா?” என்று முதலாளி கேட்டார். “கொடுக்கறதுக்குள்ள அவரு முன்னால போயிட்டாரு” என்றேன். அந்த வரி என்னுடையது. நீங்கள் தட்டச்சு மட்டும்தான் செய்தீர்கள்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வைசன்

லுசாகா
10 ஜூலை 1991

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை படித்தேன். வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. எல்லாரும் சுகம்.

தட்டச்சு மட்டும்தான் செய்தேன் என்கிறாய். அது முழு உண்மையில்லை. அந்த வரியை அடித்தபோதே ஒரு கேள்வி வந்தது. பதினொரு ஆண்டு சொல்லுக்குக் காத்திருந்த மனிதர் அன்று ஒருநாள் மட்டும் ஏன் காத்திருக்கவில்லை? கேள்வி வந்தது, விரல் நிற்கவில்லை. நீ என் தம்பி. வேறு காரணம் எதுவும் இல்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மைலேசியிடம் போ. இதைக் கடிதத்தில் சொல்லாதே. காகிதத்தில் நாம் இருவரும் எழுதியது போதும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்.

அதற்குப் பிறகு பாதையை நட, அல்லது நடக்க முடியாது என்று எழுது. இரண்டில் எதுவானாலும் பதினெட்டாம் தேதி விமானத்தில் எனக்குத் தெரிய வேண்டும். பத்தொன்பதாம் தேதி அறிக்கையைத் திருத்தி அடித்து முதலாளியின் மேசையில் வைப்பேன். உன் வழிகாட்டி உரிமம் போகும். என் வேலை இருக்குமா என்பது அவர் மனசைப் பொறுத்தது. அத்தானிடம் சொல்லிவிட்டேன். “சரி” என்றார்.

மீன் அனுப்பியிருக்கிறேன். செப்ரோனுக்குத் தெரியாமல் சாப்பிடு.

அக்கா

லுவாங்வா
17 ஜூலை 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் விழித்திருந்தால் நானும் விழித்திருக்கிறேன்.

வியாழன் மாலையே மைலேசி அண்ணியின் வீட்டுக்குப் போனேன். உரலில் நிலக்கடலை இடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் இடிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இடித்தார். பிறகு உலக்கையைச் சாய்த்து வைத்தார்.

“ஒம்பது மாசமா அவரைத் திட்டிக்கிட்டிருந்தேன், தெரியுமா? புள்ளைங்க இருக்கிற மனுசன் எதுக்குய்யா முன்னால போனேன்னு. செத்தவரை. தெனமும்.”

உலக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வாயை மூடிக்கிட்டு நிக்கிறது உனக்கு நல்லா வருது” என்றார். பிறகு, “எடத்தைக் காட்டு. நாளைக்கே” என்றார்.

விடியலில் நான்கு பேர் கிளம்பினோம். முன்னால் அலிக், அடுத்து நான், எனக்குப் பின்னால் அண்ணி, கடைசியில் கூடையோடு செப்ரோன். எண்பதாம் அடியில், அந்த விழுந்த மரத்தருகே, என் கால் நின்றுவிட்டது. பின்னாலிருந்து செப்ரோன் குரல் கொடுத்தார்.

“ஐயா, உங்க நாற்காலி வந்துடுச்சு. உக்கார்றீங்களா, போலாமா?”

மே மாதத்திலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மரத்தைத் தாண்டி முதல் அடியை எப்படி வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் அந்த இடத்துக்குப் போனோம். அங்கே எதுவும் இல்லை. இடுப்பளவு புல் வளர்ந்திருக்கிறது. “அவரு எங்க நின்னாரு?” என்றார் அண்ணி. காட்டினேன். “நீ?” காட்டினேன். ஏழு அடி. அவர் போய்ப் பிலேமோன் அண்ணன் நின்ற இடத்தில் நின்றார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“சொல்லு” என்றார்.

முடியவில்லை.

“சொல்லு, வைசா.” அண்ணன் அப்படித்தான் கேட்டார் என்று அவருக்கு நான் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அலிக் புதரைப் பார்த்துக்கொண்டு நின்றார். செப்ரோன் கூடையைக் கீழே வைக்கவில்லை.

“சுடு” என்றேன்.

சத்தமாகத்தான் வந்திருக்க வேண்டும். அலிக்கின் கை தானாகத் துப்பாக்கிக்குப் போயிற்று. புதரிலிருந்து புறாக்கள் எழுந்தன. அண்ணி திரும்பவில்லை.

“இவ்வளவு சின்ன சொல்லா” என்றார்.

பிறகு உட்கார்ந்து, விரலால் கொஞ்சம் மண்ணைக் கெல்லி இடுப்புத்துணி முனையில் முடிந்துகொண்டார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் செப்ரோனிடமிருந்து முதல் தேநீர்க் கோப்பையை வாங்கி என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான்.

அண்ணியைச் செப்ரோனோடு ஜீப் தடத்துக்கு அனுப்பிவிட்டு, அலிக்கும் நானும் மிச்சப் பாதையை நடந்தோம். நேற்று மாலை முடித்தோம். திட்டத்தில் செய்ய வேண்டிய மாற்றங்கள் இவை. இரண்டாம் நாள் குட்டையின் வடக்குக் கரை வழுக்குகிறது, தெற்கே சுற்ற வேண்டும், அரை மணி கூடும். மூன்றாம் நாள் புளியமரம் இல்லை. பழைய ஆற்றுப் படுகை மணலில் தேநீர், ஒன்பது மணிக்கு. நிழல் கிடையாது. திருமதி லுண்டுக்குக் குடை வேண்டும். ஐந்தாம் நாள் உப்புத் தரையில் புல் உயரம். காற்று மேற்கிலிருந்து வந்தால் மட்டுமே இறங்கலாம்.

அறிக்கையைத் திருத்துங்கள். நடந்ததை நடந்தபடி அடியுங்கள்.

வைசன்

லுசாகா
24 ஜூலை 1991

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். பெரியவள் கணக்கில் முதலாவதாக வந்தாள். மாவு வரிசைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதலாளி புது அறிக்கையைப் படித்தார். உன் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. திரும்பக் கிடைக்குமா என்று சொல்ல முடியாது. கீழ்முகாமிலிருந்து ஜோசாம் வந்து குழுவை நடத்துவார். “உன் தம்பிக்கு நடக்கணும்னா கடைசியில நடக்கட்டும்” என்றார் முதலாளி. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார். அதை நானே தட்டச்சு செய்தேன்.

அறிக்கையின் ஒரு நகல் துறைக்கு, ஒன்று பிலேமோன் வீட்டாருக்கு. அலிக்கை வாசித்துக் காட்டச் சொல்.

விருந்தினர் நேற்று லுசாகா வந்துவிட்டார்கள். திருமதி லுண்டிடம் எல்லாவற்றையும் சொல்லி, “விருப்பமில்லை என்றால் போக வேண்டாம்” என்றேன். அவர் திருத்திய திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். “இதில் மரம் இல்லை. இதைத்தான் நான் நம்புவேன்” என்றார். இன்று குடை வாங்கிக்கொண்டார்.

திட்டத்தின் அடியில் இப்படி அடித்திருக்கிறேன். வழிகாட்டி: ஜோசாம். காவலர்: அலிக். தேநீர்: செப்ரோன். கெட்டில்: வைசன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

லுவாங்வா
28 ஆகஸ்ட் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் விழித்திருந்தால் நானும் விழித்திருக்கிறேன். இரவில் தூங்கவும் தூங்குகிறேன், எல்லா இரவும் இல்லை.

நடை நல்லபடி முடிந்தது. திருமதி லுண்ட் மணலை வரைந்தார். நான்காம் நாள் தோப்பில் யானைக் கூட்டம் குறுக்கே வந்தது. ஜோசாம் “நில்லு” என்றார், சரியான நேரத்தில். எல்லாரும் நின்றோம். என் கையில் கெட்டில் மூடி கடகடவென்று ஆடியது. செப்ரோன் அதன்மேல் கையை வைத்து அழுத்தி, என் காதில் சொன்னார்: “மெதுவா, தம்பி. அதுங்களுக்கு டீ வேணாமாம்.” பதினாறு ஆண்டாக என்னை ஐயா என்றவர். இப்போது தம்பி என்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அறிக்கையை அலிக் பிலேமோன் அண்ணன் வீட்டில் வாசித்தார். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்களாம். போன சனிக்கிழமை பீர் காய்ச்சினார்கள். வீட்டாரிடமிருந்து எனக்கு அழைப்பு இல்லை. மைலேசி அண்ணிதான் ஆள் அனுப்பி வரச் சொன்னார். வேலிக்கு வெளியே நின்றேன்.

பெயரை எடுத்துக்கொண்டது அண்ணனின் தங்கை மகன், சிப்பாட்டாவில் தச்சு வேலை செய்பவர். முப்பது வயது இருக்கும். பாயில் உட்காரவைத்து, மணிமாலை கட்டி, அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “இங்க இருக்கேன்” என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். அண்ணியின் தலையில் கட்டியிருந்த துக்கத் துணியை நாத்தனாரே அவிழ்த்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பெயரில் அவரவர் வந்து வணக்கம் சொன்னார்கள். நம் வழக்கம்தானே, இனி அவர்தான் பிலேமோன், அண்ணனிடம் பேச வேண்டியதை அவரிடம் பேசலாம். நான் போகவில்லை. திரும்பக் கிளம்பினேன். அண்ணி அவரிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. அவர் எழுந்து, வேலியைத் தாண்டி என்னிடம் வந்தார். முகத்தில் அண்ணனின் சாயல் ஒன்றும் இல்லை.

“முழிச்சியா?” என்றார்.

“நீ முழிச்சிருந்தா நானும் முழிச்சிருக்கேன்” என்றேன். குரல் வந்தது, அக்கா.

உங்கள் தம்பி,
வைசன்